பாபநாசம் நிலையப் புகைப்படத்தில் என் டிபன் கேரியருடன் நிற்பவர் குறித்து

அனுப்புநர்
திருமதி ரோசலின் மிக்கேல்ராஜ்,
(காலஞ்சென்ற இன்ஜின் டிரைவர் மிக்கேல்ராஜ் அவர்களின் மனைவி),
மாதா கோயில் தெரு, பாபநாசம்.

பெறுநர்
தனி அலுவலர் அவர்கள்,
காவிரிப் படுகை பாரம்பரிய ரயில் பிரிவு, தஞ்சாவூர்.

பொருள்: கண்காட்சிப் படத்தின் விளக்கத்தைத் திருத்தவும், நீராவி ரயில் விழாவில் உரியவருக்கு உரிய இடம் தரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பாபநாசம் நிலையத்தில் தாங்கள் அமைத்துள்ள மீட்டர்கேஜ் கண்காட்சியைப் பார்வையிட்டேன். பாராட்டுக்குரிய முயற்சி. ஆனால் வாசலுக்கு நேரே பெரிதாக மாட்டியுள்ள படத்தின் கீழ், "டிரைவர் மிக்கேல்ராஜுக்கு மதிய உணவு கொடுக்கும் அவரது மனைவி" என்று எழுதியுள்ளீர்கள். இன்ஜினிலிருந்து குனிந்து கேரியரை வாங்குபவர் என் கணவர்தான். கொடுப்பவர் நான் அல்ல. அவருடைய இன்ஜினில் கரி அள்ளிப்போட்ட பயர்மேன் ரெமிஜியஸின் மனைவி அமலோற்பவம்.

2. இரு குடும்பமும் அப்போது ஒரே ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். சமைத்தது நான். ரெமிஜியஸுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் அமலோற்பவத்திடம் என் கேரியரையும் கொடுத்தனுப்புவேன். டிரைவருக்கு முதலில், பயர்மேனுக்கு அடுத்து என்பது முறை. பிளாட்பாரத்தில் கரிப்புகைக்கு நடுவே நின்று சாப்பாடு நீட்டுவது கான்வென்டில் படித்த பெண்ணுக்கு அழகல்ல என்பது என் கருத்து. இன்றும் அதுவே.

3. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கேரியரின் மூடியில் "ரோ" என்ற எழுத்து தெரியும். அது என் தாய்வீட்டுச் சீர்.

4. என் கணவர் படத்துக்குச் சிரிக்கும் வழக்கம் உடையவர் அல்லர். எங்கள் திருமணப் படத்தில்கூடச் சிரிக்கவில்லை. இந்தப் படத்தில் பல் தெரியச் சிரிக்கிறார். இதைத் தங்கள் பிரிவு விசாரிக்க வேண்டியதில்லை, நானே விசாரித்துவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்து கேட்டதற்கு அமலோற்பவம், "அண்ணன் கேரியர வாங்கறப்பவே மோந்து பாத்துட்டு எப்பவும் அப்படித்தாங்க்கா சிரிப்பாரு. ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியாது. இந்தப் பதிலை நம்புவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. உண்மையானால் அந்தச் சிரிப்பும் எனக்கு உரியது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

5. படம் வந்த நாள் முதல் ஊரார் அமலோற்பவத்துடன் செல்பி எடுக்கிறார்கள். அவர் விளக்கத்திலுள்ள பிழையைத் திருத்தச் சொல்லவில்லை. புதுப் புடவை வாங்கியிருக்கிறார்.

6. வரும் தை மாதம் தஞ்சாவூரிலிருந்து வரும் நீராவி ரயில் இங்கு நிற்கும்போது, அந்தக் காட்சியை அமலோற்பவத்தை வைத்தே மீண்டும் நடத்தப்போவதாக அறிகிறேன். அதற்காகத் தங்கள் ஊழியர் செல்வி சான்ட்ரா என்னிடம் வந்து கேரியரை இரவல் கேட்டார். காட்சிக்குத்தான் என்பதால் காலியாக இருந்தால் போதும் என்றும் சொன்னார். பணிவான பெண். ஆயினும் மறுத்துவிட்டேன்.

எனவே, விளக்கத்தில் இருவர் பெயரையும் சரியாக எழுதி, சமைத்தவர் யார் என்பதையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அமலோற்பவம் விழாவில் அவருடைய கணவரின் கேரியரை ஏந்தி நிற்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்கு அடுத்து நிற்கட்டும்.

என் கேரியரைப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறேன். அது பிளாட்பாரத்துக்கு வருவதானால், இந்த ஒருமுறை, என் கையில்தான் வரும். காலியாக வராது. அன்று இன்ஜின் ஓட்டும் டிரைவர் விரால்மீன் குழம்பு சாப்பிடுவாரா என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுகிறேன்.

இடம்: பாபநாசம்
நாள்: 12.12.2024

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ரோசலின் மிக்கேல்ராஜ்