ஏழு பன்னிரண்டு வண்டியும் ஆறு நண்டுகளும்

யோனாகோ
3 அக்டோபர் 2013

அன்பு மகள் சிகுசாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைக் கவனித்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், கண்ணால் பார்த்து இரண்டு வருஷமாகிறது.

ஏன் போன் பேசுவதில்லை என்று கேட்டிருந்தாய். போன தடவை "நல்லா இருக்கேன்ப்பா" என்று சிரித்துச் சிரித்துப் பேசினாய். அன்று உனக்கு முப்பத்தொன்பது டிகிரி காய்ச்சல் என்று ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. குரலை மாற்றிப் பிழைக்கிறவளின் குரலை நம்பி நான் என்ன செய்ய? எழுது. கையெழுத்தை மாற்ற உனக்கு வராது.

போன ஞாயிறு நீ சொன்ன கார்ட்டூன் தொடரைப் பார்த்தேன். திருவிழாக் கூட்டத்தில் குரல் கொடுத்திருக்கிறேன் என்றாயே, டிவியில் காதை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது பேர் ஒரே நேரத்தில் கத்தினால் நான் யாரைக் கண்டுபிடிப்பது? பக்கத்து வீட்டு கடோவாக்கி அம்மாள் வேறு வந்து, "இதுல எது உங்க பொண்ணு?" என்றாள். ஏதோ ஒரு குரலைக் காட்டினேன். "அது ஆம்பளக் குரலாச்சே!" என்றாள். மானம் போயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்தைந்து வரைக்கும் குரல் நடிப்பில் முயன்று பார்க்கிறேன் என்று நீதான் சொன்னாய். ஆகஸ்டோடு முப்பத்தைந்து முடிந்தது. பதின்மூன்று வருஷத்தில் உனக்குக் கிடைத்தது மாணவி இரண்டு, நர்ஸ் மூன்று, ஒரு பூனை. அந்தப் பூனையையும் பாதியில் சாகடித்துவிட்டார்கள். எங்கள் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் ஓர் இடம் காலி. நான் ஓய்வு பெற்ற டிரைவர் என்றாலும் என் பேச்சுக்கு அங்கே இன்னும் மதிப்பிருக்கிறது. புத்தாண்டுக்குள் பதில் வேண்டுமாம். பிடிவாதம் பிடிக்காமல் யோசி.

அப்பா,
நிஷியோ டொகுஜி


டோக்கியோ
20 அக்டோபர் 2013

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பூனையைப் பற்றி நீங்கள் கேலி செய்திருக்க வேண்டாம். அது சாகும் காட்சியை ஒரே டேக்கில் முடித்தேன்.

எங்கள் வேலை எப்படிப்பட்டது என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, அதனால் கேட்காமலே சொல்கிறேன். நான்கு மைக், இருபது பேர். ஒருவர் பேசி விலகினால் அடுத்தவர் சத்தமில்லாமல் நுழைய வேண்டும். ஸ்கிரிப்ட் தாள் சரசரக்கக் கூடாது. நைலான் சட்டை கூடாது. வயிறு உறுமக் கூடாது. போன மாதம் ஒரு பெரிய நடிகர் அழுகிற நேரம் பார்த்து என் வயிறு உறுமிவிட்டது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்படியே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

கூட்டக் குரலுக்கு வசனமே கிடையாது, அப்பா. "திருவிழா, முப்பது நொடி, கத்துங்க" என்பார்கள். வாய்க்கு வந்ததை நாங்களே கத்த வேண்டும். நீங்கள் பார்த்த திருவிழாவில் "ஐயோ, என் செருப்பக் காணோம்!" என்று கத்தியது நான்தான். பெற்ற அப்பாவுக்கே அது தெரியவில்லை.

சரி, கவனமாகப் படியுங்கள். எனக்கு முதன்மைப் பாத்திரம் கிடைத்திருக்கிறது. ஏப்ரலில் வரப்போகும் தொடர். அப்பா இறந்தபின் அவருடைய படகை எடுத்து ஆற்றில் பயணிகளை ஏற்றிச்செல்லும் பதினாலு வயதுப் பெண். இருநூறு ஆடிஷனுக்கு மேல் போய்த் தோற்றபிறகு இது. மேலாளர் உசுய் சொன்னபோது நான் ஏஜென்சி மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் யாரிடமும் மூச்சு விடக் கூடாது. ஜனவரியில் அவர்களாக அறிவிக்கும்வரை வீட்டாரிடம்கூடச் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெளியே தெரிந்தால் பாத்திரம் போய்விடும். உங்களிடம் சொல்வதே தப்பு. டிக்கெட் கவுன்ட்டர் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபின் என்னால் அடக்க முடியவில்லை. படித்ததும் எரித்துவிடுங்கள்.

நீங்கள் விதியை மீறமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். பதினாறு வயதில், பள்ளி வாசிப்புப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் போக நான் ஓடி ஓடி வந்தபோது, ஏழு பன்னிரண்டு ஆகிவிட்டது என்று சொந்த மகளை நிறுத்தத்திலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸை எடுத்த மனுஷர் நீங்கள். "இன்னும் ஏழு பன்னிரண்டு ஆகலையே!" என்று நான் பின்னால் கத்திக்கொண்டே வந்தேன். அடுத்த பஸ் நாற்பது நிமிஷம் கழித்துத்தான். போட்டி போயிற்று. இன்றைக்கும் கேட்டால் "நீதான் லேட்டு" என்பீர்கள். அந்தக் கண்டிப்பை இந்த ஒரு தடவை எனக்காகக் காட்டுங்கள்.

வேறு உறை கைவசம் இல்லாததால் ஏஜென்சி உறையில் அனுப்புகிறேன்.

உங்கள் மகள்,
சிகுசா


யோனாகோ
4 நவம்பர் 2013

என் அருமை மகளுக்கு,

படித்தேன். மறுபடி படித்தேன். அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்து ஒருமுறை சத்தமாகவும் படித்தேன், அவளுக்குச் சொல்வது விதிமீறல் ஆகாது என்று நினைக்கிறேன். பிறகு சாம்பல் தட்டில் வைத்து எரித்தேன். உறையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. முடிவெட்டப் போன இடத்தில், "என்ன நிஷியோ சார், முகம் ஜொலிக்குது, லாட்டரி விழுந்துச்சா?" என்றான் கடைக்காரன். "பல்லு வலி" என்றேன். கடோவாக்கி அம்மாள் தோண்டித் துருவிப் பார்த்தாள். வாயே திறக்கவில்லை. டிக்கெட் கவுன்ட்டருக்கு நீ வரமாட்டாய் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை.

நாளை மறுநாள் நண்டுப் பருவம் தொடங்குகிறது. நீ மனத்தில் எதையும் போட்டுக்கொள்ளாமல் தொண்டையைப் பார்த்துக்கொள். குடும்பத்தின் சார்பில் செய்ய வேண்டிய மரியாதையை நான் பார்த்துக்கொள்கிறேன். மரியாதை தெரியாத வீட்டுப் பெண் என்று உன்னை ஒருவரும் சொல்லக் கூடாது.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்
அப்பா


டோக்கியோ
19 நவம்பர் 2013

அப்பா,

நண்டு வந்து சேர்ந்தது.

உயிர் நண்டு, ஆறு. மரத்தூள் நிரப்பிய பெட்டியில், சிவப்பும் வெள்ளையுமாகக் கயிறு கட்டி, மேலே உங்கள் தூரிகை எழுத்தில் "வாழ்த்தும் நன்றியும்." என் அறைக்கு வந்திருந்தாலாவது பரவாயில்லை. அந்த உறையில் இருந்த முகவரியைப் பார்த்து ஏஜென்சிக்கே அனுப்பியிருக்கிறீர்கள். தயாரிப்பாளர்களும் பணம் போடுகிறவர்களும் என்னோடு உட்கார்ந்திருந்த அறைக்குள் வரவேற்பில் இருக்கும் பெண் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே கறுக் கறுக் என்று சத்தம். திறந்தார்கள். மேலேயே உங்கள் கடிதம். தலைமைத் தயாரிப்பாளர் அதைச் சத்தமாகப் படித்தார். "படகோட்டிப் பெண்ணின் குரலாக என் மகளைத் தேர்ந்தெடுத்த பெரியோர்களுக்கு..."

 ஒரு நண்டு மேசைமேல் ஏறி நடந்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்றார் அவர். ஆமாம் என்றேன். "இவரே இப்படின்னா, ஊர்ல இன்னும் எத்தன பேருக்குத் தெரியுமோ" என்றார் இன்னொருவர். உசுய் தலையைத் தரையில் முட்டாத குறையாக மன்னிப்புக் கேட்டார். பாத்திரத்தை யூய்கா என்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். போகும்போது ஆளுக்கு ஒரு நண்டு எடுத்துக்கொண்டு போனார்கள். நண்டையும் எடுத்துக்கொண்டார்கள், பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

என்னைத் துரத்திவிடாமல் அதே தொடரில் கூட்டக் குரல் தருகிறார்களாம், பெரிய மனசு. அவள் மைக் முன்னால் நிற்பாள், நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு கத்த வேண்டும். போவேனா மாட்டேனா, தெரியவில்லை.

பதின்மூன்று வருஷம், அப்பா. ஒரு பெட்டி நண்டு.

இனி எனக்கு எழுதாதீர்கள்.

சிகுசா


யோனாகோ
25 நவம்பர் 2013

சிகுசாவுக்கு,

எழுதாதே என்றாலும் எழுதுகிறேன். இது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. யாரிடமும் சொல்லாதே என்றாய். சொன்னேனா? முடிவெட்டுகிறவனுக்குத் தெரியாது. கடோவாக்கி அம்மாளுக்குத் தெரியாது. பாத்திரத்தைக் கொடுத்தவர்களுக்கு அது முன்பே தெரியும்தானே? தெரிந்தவர்களிடம் தெரிந்ததைச் சொல்லி நன்றி கூறுவது எப்படி ரகசியத்தை உடைப்பதாகும்? நாற்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவன், விதி எனக்குத் தெரியாதா? நன்றி சொல்லாமல் இருந்திருந்தால்தான் தப்பு.

அந்த நண்டுகளைத் துறைமுகத்தில் நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து வாங்கினேன்.

மன்னிப்புக் கேட்டு அந்தத் தயாரிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதறாதே, அனுப்பவில்லை. என் கையை நானே நம்பாத நிலைக்கு வந்துவிட்டேன். கவுன்ட்டர் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இதையும் இப்போது சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ.

அப்பா


யோனாகோ
6 ஜனவரி 2014

சிகுசாவுக்கு,

புத்தாண்டுக்கு உன் வாழ்த்து அட்டை வரவில்லை. பதின்மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை. தபாலில் தொலைந்திருக்கும் என்று கடோவாக்கி அம்மாளிடம் சொன்னேன். நீ எழுத வேண்டாம். சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ, வயிறு உறுமும்.

அப்பா


யோனாகோ
6 ஏப்ரல் 2014

அன்பு மகளுக்கு,

இன்று காலை எட்டரைக்குத் தொடர் தொடங்கியது. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். எட்டு இருபத்தைந்துக்குக் கை தானாக டிவியைப் போட்டுவிட்டது.

அந்த யூய்கா மோசமாகப் பேசுவாள் என்று ஆசையோடு உட்கார்ந்தேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் பேசுகிறாள். எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது, டீக் கோப்பையைத் தட்டிவிட்டேன். அது என் மகள் பேசியிருக்க வேண்டிய வசனம்.

பிறகு படகுத்துறைக் காட்சி. படகு புறப்படுகிறது, கரையில் ஒரே இரைச்சல். நான் துணியால் டீயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண் கத்தினாள்: "நில்லுங்க! இன்னும் ஏழு பன்னிரண்டு ஆகலையே!"

துணி கையிலிருந்து விழுந்துவிட்டது. கூட உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கடோவாக்கி அம்மாள், "படகுக்கு எங்கே ஏழு பன்னிரண்டு, என்ன கிறுக்குத்தனம்!" என்று சிரித்தாள். "அதுதான் என் பொண்ணு" என்றேன். இந்தத் தடவை எனக்குச் சந்தேகமே இல்லை.

சிகுசா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இருபது வருஷமாகத் தொண்டையில் நிற்கிறது. அன்று ஏழு பன்னிரண்டு ஆகவில்லை. என் கடிகாரத்தில் ஏழு பதினொன்றும் இருபது நொடியும்.

மேற்பார்வையாளர் இவாசே அன்று வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் நீ ஓடி வருவதைப் பார்த்தேன். நீ வந்து சேரவும் ஏழு பன்னிரண்டு ஆகவும் சரியாக இருக்கும் போலிருந்தது. நீ ஒரு நொடி பிந்தினாலும் நான் உனக்காக நின்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். மகளுக்காகப் பஸ்ஸை நிறுத்துகிறவன் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்ற பயத்தில் கதவை மூடி எடுத்துவிட்டேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், கவனிக்கவே இல்லை. எங்கள் தொழிலில் நேரத்துக்கு முன்னால் வண்டியை எடுப்பது பிந்துவதைவிடப் பெரிய குற்றம். நாற்பத்தொரு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் செய்தேன், அதுவும் உனக்கு. அதை மறைக்கத்தான் "நீதான் லேட்டு, நீதான் லேட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நண்டு அனுப்பியதும் அதே புத்திதான். பெரிய மனுஷர்களிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற புத்தி. அதற்காக உன்னை இரண்டு தடவை தெருவில் விட்டுவிட்டேன். என்னை மன்னித்துவிடு. முடியாது என்றாலும் சரி, உண்மை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பா


டோக்கியோ
14 ஏப்ரல் 2014

அப்பா,

ஏழு பதினொன்றா! இருபது வருஷமாக நீங்கள் சொல்லிச் சொல்லி, நான்தான் லேட்டு என்று நானே நம்பிவிட்டேன். எங்கே போனாலும் அரை மணி நேரம் முன்னால் போய் நிற்கிறேன், தெரியுமா உங்களுக்கு?

அன்று ஸ்டுடியோவில், "படகுத்துறை, இருபது நொடி, கத்துங்க" என்றார்கள். யூய்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஏழு பன்னிரண்டைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. இயக்குநர் எரிச்சலாகத் திரும்பிப் பார்த்தார், ஆனால் நேரம் இல்லை என்று அப்படியே வைத்துவிட்டார்கள்.

எனக்குக் கோபம் தீரவில்லை. நேரில் வந்து கத்தினால்தான் தீரும், காகிதத்தில் சத்தம் வருவதில்லை. மே மூன்றாம் தேதி வருகிறேன். நம்முடைய பழைய நிறுத்தத்தில் மாலை ஐந்து நாற்பதுக்கு இறங்குவேன்.

நீங்கள் முன்னாலேயே வந்து நில்லுங்கள். பஸ் பிந்தினாலும் போய்விடாதீர்கள்.

சிகுசா