இல்லாத தாத்தாவைப் பேட்டி எடுத்த அக்காவுக்காக

அனுப்புநர்:
பதினொன்றாம் வகுப்பு மாணவி,
மூன்றாவது மாடி, கடைசி வீடு
(கட்டடத்தில் தரைவழித் தொலைபேசி இன்னும் மணியடிக்கும் ஒரே வீடு).

பெறுநர்:
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலகம்.

பொருள்: தேர்தல் கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் தொலைபேசிப் பேட்டியாளராக இருந்த பெண், பொய்ப் பேட்டி எழுதியதாகப் பணிநீக்கம் செய்யப்பட்டது – பொய் என்னுடையது என்பதால் அவரை மீண்டும் பணியில் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

புகார் மனுவில் யார் மீது புகார் என்பதை முதலில் சொல்ல வேண்டுமாம். என் மீதுதான். புகார் கொடுப்பவளும் நானே. ஆள் பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்ளவும்.

எங்கள் வீட்டில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் ஒருவரும் எடுப்பதில்லை. அப்பா, "லோன் வேணுமான்னு கேப்பான், விடு" என்பார். அம்மாவுக்கு மணிச்சத்தமே காதில் விழாது. எதிர் வீடு, மேல் வீடு எல்லாம் இதே கதைதான். எடுப்பவள் நான் ஒருத்தி. அதுவும் பேசுவதற்கு அல்ல, கலாய்ப்பதற்கு.

தேர்தலுக்கு முன்பு ஒரு மாலை அந்த அக்கா அழைத்தார். வீட்டில் பதினெட்டு வயது நிறைந்தவர்களில், கடைசியாகப் பிறந்தநாள் வந்தவரிடம் பேச வேண்டும் என்றார். போனை எடுப்பவரையே கேட்டுக்கொண்டிருந்தால் எப்போதும் ஒரே மாதிரி ஆட்கள்தான் சிக்குவார்கள் என்பதால் இந்த ஏற்பாடாம். "இருங்க, தாத்தாவைக் கூப்பிடறேன்" என்று ரிசீவரை மேசையில் வைத்தேன். செருப்பைத் தரையில் தேய்த்து நடந்து, இருமிக்கொண்டே எழுபத்தாறு வயதில் திரும்பி வந்தேன்.

இருமல் நன்றாக அமைந்துவிட்டது. "தண்ணி குடிச்சிட்டு வாங்க தாத்தா. அவசரமே இல்ல, நான் லைன்லயே இருக்கேன்" என்றார் அக்கா. ஒரு நாளில் இத்தனை பேட்டி முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

யாருக்கு ஓட்டு என்று கேட்டார். பேருந்து நிறுத்தச் சுவரொட்டியில் பார்த்த சுயேச்சை ஒருவரின் சின்னம் நினைவுக்கு வந்தது. "குடைக்குத்தாம்மா. இந்த வயசுல நனையக் கூடாதுல்ல" என்றேன். அக்கா சிரித்தார், குறித்தும் கொண்டார். "உங்க வயசு ஆம்பளைங்க கிடைக்கிறதே இல்ல தாத்தா. உங்க ஒரு பதிலைப் பத்துப் பேர் பதிலா எடுத்துக்குவாங்க" என்றார். ஓட்டே இல்லாத எனக்குப் பத்து ஓட்டு! கள்ள ஓட்டுப் போடுபவர்கூட வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். நான் நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்தேன்.

மனம் மாறியிருக்கிறதா என்று பார்க்க, கேட்டவர்களையே மறுபடியும் கேட்பார்களாம். அடுத்தடுத்து அழைத்தார். ஒருமுறை கால் வலி என்று புளுகினேன். அடுத்த அழைப்பில் அவர் கேட்ட முதல் கேள்வியே, "கால் வலி எப்படி இருக்கு தாத்தா?" என்பதுதான். என் பொய்க்கால் வலியை அவர் மெய்யாகவே விசாரித்தார்.

எங்கள் பகுதி முதியவர்கள் குடைப் பக்கம் சாய்வதாகக் கணிப்பு வெளிவந்தது. பஞ்சர் கடை வைத்திருக்கும் அந்த வேட்பாளர், நரைத்த தலைகளைத் தேடித் தேடிக் கும்பிட்டபடி தெருவில் போனார். நரைத்த தலைகள் திருதிருவென்று விழித்தன. பால்கனியில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

முடிவில் குடைக்கு விழுந்த ஓட்டுகளை எண்ண விரல்களே போதும். நிறுவனம் பழைய பேட்டிகளைச் சரிபார்க்கத் தொடங்கியது. எங்கள் எண்ணுக்கு அவர்கள் அழைத்த அன்று, சிலிண்டர்காரரின் அழைப்புக்குக் காத்திருந்த அப்பா, அதிசயமாகப் போனை எடுத்துவிட்டார். "தாத்தாவா? அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ வருஷம் ஆச்சுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அக்காவின் வேலை போனது. தாத்தாவின் குரல் பதிவு இருந்தும், அது அக்காவே ஏற்பாடு செய்த ஆள் என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டார்களாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று தாங்கள் கேட்கக்கூடும். அக்காவே சொன்னார். என்னிடம் அல்ல, தாத்தாவிடம். சொந்தக் கைப்பேசியிலிருந்து அழைத்து நடந்ததைச் சொல்லிவிட்டு, "உங்க பையன் நீங்க இல்லவே இல்லைன்னு சொல்லிட்டாராம் தாத்தா. வீட்ல ஏதாவது மனஸ்தாபமா? நேரத்துக்குச் சாப்பிடறீங்களா? ஒரே ஒரு தடவை எங்க ஆபீஸ்ல பேசுங்க, என்னைத் திரும்ப எடுத்துக்குவாங்க" என்றார்.

அப்போதாவது என் குரலில் பேசியிருக்கலாம். நான் இருமினேன். பிறகு வைத்துவிட்டேன்.

அதன்பின் அவர் அழைக்கவில்லை. அவர் எண்ணை நான் பலமுறை அழுத்தி, மணியடிக்கும் முன்பே வைத்திருக்கிறேன். எண்ணை இத்துடன் இணைத்துள்ளேன். பெயர் தெரியாது. கால் வலி வரைக்கும் விசாரித்தவரின் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

யாருமே போனை எடுக்காத ஊரில், எடுத்த ஒருத்தியின் சொல்லைப் பத்தால் பெருக்கும் முறையிலும் ஓட்டை உண்டு. என் தப்பைச் சிறிதாக்க இதைச் சொல்லவில்லை. எடுக்காதவர்களின் அலட்சியமும் எடுத்தவளின் திமிரும் சேர்ந்து, நாள் முழுக்க எல்லோரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தவர் தலையில் விடிந்தது என்பதே என் புகார்.

ஆகவே, நிறுவனத்தாரையும் அக்காவையும் தங்கள் அலுவலகத்துக்கு அழைத்து, என்னையும் நிற்க வைத்து, அந்தப் பதிவை ஓடவிட வேண்டுகிறேன். அவர்கள் முன்னிலையில் அதே இருமலை இருமிக் காட்டுகிறேன். வீட்டில் சொல்லிவிட்டேன். "வாலு" என்றுதான் அப்பா என்னைக் கூப்பிடுவார். அன்று அப்படிக்கூடக் கூப்பிடவில்லை. விசாரணைக்குத் தானும் வருவதாக மட்டும் சொன்னார்.

வேலை திரும்பக் கிடைத்தபின், அக்கா எங்கள் எண்ணுக்கு ஒருமுறை அழைக்கத் தாங்கள் ஆவன செய்ய வேண்டும். நான்தான் எடுப்பேன். என் வயதைக் கேட்டதும், "வீட்ல பெரியவங்க இருக்காங்களா பாப்பா?" என்பார். அப்பாவிடம் ரிசீவரைக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்வேன்.

நாள்: தேர்தல் முடிவு வந்த அடுத்த மாதம், முதல் திங்கட்கிழமை
இடம்: வீடு, தொலைபேசி மேசை

சொந்தக் குரலில்,
(கையொப்பம்)
மாணவி