பக்கத்து இருக்கை

கிரவீன், சிட்னி
18.3.1979

அன்புள்ள மருமகன் கதிர்காமநாதனுக்கு,

உன் மாமி யோகராணியும் நானும், நான் கட்டிய விமானமும் இவ்விடம் சுகம். உங்கள் எல்லோரையும் நல்லூரான் காக்க.

ஐந்து வருடமாகக் கராஜில் பலகையும் துணியுமாக ஒட்டின சாமான். இப்போது சிட்னி முழுக்க இதே பேச்சு. நான் மேலே எழும்பினால் கங்காருகள் மேய்ச்சலை விட்டு வரிசையில் நின்று பார்க்கும். வெள்ளைக்காரப் பைலட்மார் இறங்கும் விதத்தை என்னிடம்தான் கேட்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று உன் அப்பா இனிமேல் சொல்லமுடியாது.

ஆனாலும் தம்பி, உடம்பு களைத்துப்போச்சு. கிழமை முழுக்கத் தொழிற்சாலை, ஞாயிறு ஓடுதளம். முதல் மாதம் இறங்கும்போதெல்லாம் தவளை மாதிரித் துள்ளினேன். அதை உனக்கு எழுதவில்லை. இப்போது பத்துத் தரத்தில் எட்டுத் தரம் பூப்போல இறங்குகிறேன். மற்ற இரண்டையும் காற்றின் தலையில் போடுகிறேன்.

சொந்தமாய்க் கட்டின விமானம் என்றால் சட்டப்படி முதல் ஐம்பது மணித்தியாலம் தனியத்தான் பறக்கவேண்டும். அது போன மாதம் முடிந்தது. பக்கத்து இருக்கையில் இனி ஆள் ஏற்றலாம் என்று கடுதாசி வந்ததை, மாமி என் சட்டைப்பையில் இருந்து எடுத்து வாசித்துவிட்டா. அன்று தொடக்கம் ஞாயிறு காலையில் தலைக்குத் துணி கட்டி, பிளாஸ்கில் தேத்தண்ணியோடு எனக்கு முன்னே காரில் ஏறி இருக்கிறா. ஒரு ஞாயிறு காற்று என்றேன். அடுத்தது எஞ்சின் பிளக் சரியில்லை என்றேன். இன்று மேகம் என்றேன். வானம் கழுவிவிட்டது போல இருந்தது. சிட்னியிலேயே பெரிய பைலட் என்று சொல்லித் திரிஞ்சனீங்கள், பெண்சாதியை மட்டும் ஏத்த மாட்டியளோ என்று கேட்டா.

எனக்குப் பயம் என்று நினைக்காதே. தனியப் போகையில், பிசகும் அந்த இரண்டு தரமும் என் தலையோடு போகும். பக்கத்தில் அவ இருந்தால் அப்படியில்லை.

நான் சொன்னால் கேட்கமாட்டா, தமையன் சொன்னால் தட்டமாட்டா. கொஞ்ச நாள் பொறு என்று உன் அப்பா அவவுக்கு ஒரு வரி எழுதட்டும். நான் கேட்டதென்று தெரியக்கூடாது. இந்தக் கடிதத்தில் மாமி வழக்கமாய் இரண்டு வரி எழுதும் ஓரத்தையும் நானே நிரப்பி ஒட்டுகிறேன்.

அவருக்கு அப்படி எழுத மனமில்லையென்றால் இன்னொன்று செய்யட்டும். கட்டுநாயக்கா விமானநிலையத்தில் எங்களை ஏற்றிவிட்ட அன்று, என் கையைப் பிடித்துத் தங்கச்சி கவனம் என்று சொன்னார். அதை இன்னொரு தரம் எனக்கு எழுதச் சொல்லு. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏற்றிப் போகிறேன்.

நீ நன்றாயிரு.

உன் மாமா
மகாதேவன்