மண் அசையவில்லை என்றார்கள்

இன்று காலை அரிசி களையக் குழாயைத் திறந்தேன். தண்ணீருக்குப் பதில் தே தாரிக், கடையில் ஆற்றித் தரும் அந்தப் பால் தேநீர் கொட்டியது. வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, நிறம் அதேதான், நுரைகூட இருந்தது. ஈர மண்ணின் அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் பானையைக் கவிழ்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே உன்னைத் திட்டித் தீர்த்தேன். "போய்ச் சேந்தவளப் போயி திட்டலாமா?" என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது. ஏன் திட்டக்கூடாது? உயிரோடு இருப்பவர்களைத் திட்டிப் பார்த்துவிட்டேன். அவர்களுக்குக் காது கேட்பதில்லை. நீயாவது கேள்.

லயன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சரிவின் தலையில், மண் வெட்டும் மிஷின் போட்ட வெட்டு மூடப்படாமல் கிடக்கிறது. நேற்று மழை. அந்த மண்ணெல்லாம் நமக்குத் தண்ணீர் வரும் ஓடையில் இறங்கியிருக்கிறது. அந்த வெட்டு யார் பெயரைச் சொல்லி வந்தது தெரியுமா? உன் பெயரைச் சொல்லித்தான் வந்தது. நீ போன பிறகு நடந்தது என்பதால் உனக்குத் தெரிய வழியில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரே லயனில், அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். நீ படிக்கப் போனாய். நான் பள்ளிக்கூடத்தை ஐந்தாம் படிவத்தோடு நிறுத்திவிட்டு, எஸ்டேட்டின் தேநீர்க் கடையில் வெளியூர்க்காரர்களுக்குத் தேநீரும் கேக்கும் விற்க நின்றேன். கீழே பள்ளத்தாக்கில், லெம்பா பெர்த்தாமில் சேறு புகுந்தபோது உன் பெரியம்மா வீட்டைக் கழுவிவிட இரண்டு பேரும் போனோமே, அது நினைவிருக்கிறதா? சன்னல் வரைக்கும் சேறு. எல்லாரும் வெள்ளம், வெள்ளம் என்று அழுதுகொண்டிருந்தார்கள். நீ மட்டும் ஒரு கை சேற்றை அள்ளி வைத்துக்கொண்டு நின்றாய். "எல்லாரும் தண்ணியப் பத்தியே பேசறாங்க. இவ்ளோ மண்ணு எந்த மலையிலேருந்து வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கலையேடி" என்றாய். பெரியம்மா துடைப்பத்தைக் காட்டி, "மொதல்ல அள்ளிக் கொட்டு, அப்புறம் கேளு" என்றார்.

நீ கேட்பதை நிறுத்தவே இல்லை. மண் அரிப்பைப் படித்து, யுனிவர்சிட்டியில் வேலைக்குச் சேர்ந்து, ஒருநாள் வண்டி நிறைய இரும்புக் கம்பிகளோடு வந்து இறங்கினாய். லயனில் உனக்கு 'மண்ணு டாக்டர்' என்று பேர் விழுந்தது. கடைசி வீட்டு லெட்சுமி அக்கா முழங்காலை நீட்டிக்கொண்டு, "டாக்டருன்னா எல்லாம் டாக்டருதானே, இதுக்கு என்னா தடவலாம் சொல்லு" என்று உன்னை விடவில்லை. நீயும் சளைக்காமல் தைலம் வாங்கிக் கொடுத்தாய்.

அன்று சாயங்காலம் பிரிஞ்சாங் டவுனில் மாமாக் சாப்பாட்டுக் கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிடும்போது கேட்டேன், கம்பியை வைத்துக்கொண்டு என்னதான் செய்யப்போகிறாய் என்று. "சரிவுல வரிசையா நடுவேன். தரை எங்க இருக்கோ அந்த மட்டத்துல செவப்பு வளையம் போட்டுருவேன். மழை மண்ண அடிச்சிட்டுப் போனா வளையம் தரைய விட்டு மேல நிக்கும். எவ்ளோ ஒசரமோ, அவ்ளோ மண்ணு போச்சு. அவ்ளோதான்டி."

"இதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?"

"வெளிய சொல்லிராத" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு இப்போது நினைவுக்கு வந்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அவ்வளவு சுலபமாக நினைத்துவிட்டோம்.

நீ தேர்ந்தெடுத்தது லயனுக்குப் பின்னால் இருக்கும் சரிவு. கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நடாமல் மொட்டையாக விட்டிருந்தார்கள். அதற்கு நேர் கீழே லெட்சுமி அக்கா வீடு. வீட்டுக்குப் பின்னால் ஓடும் கான்கிரீட் கால்வாயின் அடி தேய்ந்து கல் பல்லிளித்தது. அவர் சமையலறைச் சுவரின் அடியில் என் கை நுழையும் அளவுக்குச் சந்து. அக்கா அதில் உடைந்த செங்கல்லைச் சொருகி வைத்திருந்தார். நீ குனிந்து பார்த்துவிட்டு, "சிமெண்டு சுவரு நிக்குதுன்னு நெனைக்கிறோம். மண்ணுதான்டி நிக்க வைக்குது" என்று என் காதோடு சொன்னாய்.

கம்பிகளை நட்டுவிட்டு நீ கோலாலம்பூருக்குப் போய்விட்டாய். மாதா மாதம் உன் யுனிவர்சிட்டி ஆட்கள் வந்து அளந்து போனார்கள். வருஷக் கடைசியில், முன்னறிவிப்பில்லாமல் கடைக்கு வந்து நின்றாய். "அந்தச் சரிவுல மண்ணு ஒரு நூல்கூட போகலன்னு வருதுடி. மொட்டைச் சரிவுல அது எப்படிலா? வா, போய்ப் பாப்போம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாய்.

போய்ப் பார்த்தோம். ஐயோ, அந்தக் காட்சி! ஒவ்வொரு கம்பியின் தலையிலும் எலுமிச்சம்பழம். இடுப்பில் மஞ்சள் துணி. அடியில் மண்ணை அழகாகக் குவித்து, தட்டி, மெழுகி, சிலவற்றுக்குக் கோலம் வேறு. சரிவின் மேலே முனியாண்டி கல் இருக்கிறதல்லவா? அதன் கீழே வரிசையாக இரும்பை நட்டுச் சிவப்பு வளையமும் போட்டால் நம் சனங்கள் என்ன நினைப்பார்கள்?

லெட்சுமி அக்கா பின்னாலேயே மூச்சு வாங்க ஏறி வந்தார். முகமெல்லாம் பெருமை. "பாத்தியா டாக்டரு, எப்படி வச்சிருக்கோம்னு! நீ முனிக்கு எல்லை கட்டிட்டுப் போனே, நாங்க சும்மா இருப்பமா? மழை பேஞ்சா சாமி கால் வெளிய தெரியுது. சாமிக்குக் கால் தெரியலாமா? தோஷம்லா. நாங்க பொம்பளைங்கதான் மாத்தி மாத்தி மண்ணு அணைச்சு விடறோம்."

அளக்க வந்தவர்கள் பழத்தைத் தட்டிவிடாமல், துணியைக் கலைக்காமல், குவித்த மண்ணிலிருந்து வளையம் வரைக்கும் அளந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். சாமி விஷயம், நமக்கேன் வம்பு என்று ஒருவரும் உன்னிடம் வாயைத் திறக்கவில்லை. படித்தவர்கள்! நல்லா வருகிறது என் வாயில்.

"ரொம்ப அழகா இருக்குக்கா" என்றாய் நீ. அக்கா இறங்கிப் போனதும் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. "ஒரு வருச மழைடி. மொத்தமும் போச்சு."

"வா, இப்பவே போய்ச் சொல்லுவோம்."

"வேணாம். சாமின்னு கும்பிட்டவங்களப் பாத்து, நீங்க கெடுத்துட்டீங்கன்னு எப்படிடி சொல்றது? எதுக்கு நடறேன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். புதுக் கம்பி நட்டுட்டு, எல்லாரையும் ஒக்கார வச்சு நானே சொல்றேன். அதுவரைக்கும் மூச்சு விடாத."

புதுக் கம்பி வாங்க ஈப்போவுக்குப் போனாய். உடம்பு கொதிக்கிறது, நாளைக்குப் போ என்றேன், கேட்டாயா? கம்பிக் கடைக்குப் போகவேண்டியவள் ஆஸ்பத்திரிக்குப் போனாய். அங்கிருந்து திரும்பவில்லை. கணக்கு செல்லாது என்று யாருக்கும் சொல்லாமல், என்னையும் மூச்சு விடாதே என்று சொல்லிவிட்டு, நீ பாட்டுக்குப் போய்விட்டாய். இது என்ன நியாயம்?

சில மாதம் கழித்துச் சரிவின் தலைக்கு மிஷின் ஏறியது. பாதை வெட்டத் தொடங்கிய பிறகுதான் மேனேஜர் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார். அவரும் தமிழர்தான், கோலாலம்பூர்க்காரர். ஆனாலும் லயனில் எல்லாருக்கும் அவர் 'தொர'. மேலே நின்று மலையைப் பார்க்கிற மாதிரி ஒரு காபிக் கடை, கார் நிறுத்த இடம், நம் பிள்ளைகளுக்கு வேலை என்றார். பிறகு சொன்னார்: "மண்ணு சரியுமோன்னு யாரும் பயப்பட வேணாம். இந்த எஸ்டேட்டுல பொறந்த பொண்ணே ஆராய்ச்சி பண்ணி, இந்தச் சரிவுல மண்ணு அசையவே இல்லன்னு காட்டியிருக்கு. அந்தக் கணக்க யுனிவர்சிட்டியில கேட்டு வாங்கிட்டோம். அவங்க பேரையே கடைக்கு வைக்கப் போறோம்."

எல்லாரும் கை தட்டினார்கள். லெட்சுமி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் நிற்பது அவர்கள் கடையில், படுப்பது அவர்கள் வீட்டில். வாயைத் திறந்தால் இரண்டும் போகலாம். திறக்காவிட்டால் அந்த மலை உன் பெயரைச் சொல்லிக்கொண்டு அக்கா வீட்டு மேல் இறங்கலாம். எழுந்துவிட்டேன்.

"அந்தக் கணக்கு செல்லாதுங்க தொர. கம்பியச் சுத்தி மண்ணு அணைச்சிருக்கு. அணைச்ச மண்ணத்தான் அளந்திருக்காங்க. அவளே வந்து பாத்துட்டு என்கிட்ட சொன்னா."

"யாரு அணைச்சது?"

எப்படிச் சொல்வேன்? லெட்சுமி அக்காவே எழுந்தார். "நாங்கதான். சாமி காலு தெரியக்கூடாதுன்னு. அதுக்கு இப்ப என்னா?" அவரிடம் விளக்கிச் சொன்னேன், வளையம் எதற்கு, நீ அன்று ஏன் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாம். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப் போனது. மேனேஜர் சிரித்தார். "சரி சரி, சாமி கதையெல்லாம் அப்புறம் பேசலாம்லா" என்றார்.

அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாவிட்டால் அக்கா அழுதுகொண்டே உட்கார்ந்திருப்பார். "என்னா சிரிப்பு தொர? எங்க சாமிதானே, நாங்களே தொறந்து காட்டறோம். ஏறி வாங்க" என்றார். மண்டபமே எழுந்து பின்னால் போனது.

முதலில் முனியாண்டி கல்லுக்கு முன் சூடம் ஏற்றினார். "மன்னிச்சுக்கப்பா, பாத்தே ஆகணும்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பழங்களைப் பிடுங்கி மடியில் கட்டினார், துணிகளை அவிழ்த்தார். மற்றப் பெண்களும் உட்கார்ந்து குவித்த மண்ணைக் கையாலேயே வழித்தார்கள். அது பொலபொலவென்று வந்துவிட்டது. அடியில் இருந்த கெட்டித் தரை தெரிந்தது. சிவப்பு வளையம் அதற்கு மேலே, அந்தரத்தில் நின்றது. அடுத்ததிலும் அப்படியே. கீழே கடைசிக் கம்பிக்கு வந்தபோது அக்கா தன் கையை விரித்து வளையத்துக்கும் தரைக்கும் நடுவே வைத்தார். முழுச் சாண். அங்கிருந்து பார்த்தால் அவர் வீட்டுத் தகரக் கூரை காலடியில் இருக்கிறது. "என் வீட்டு மேலேயே மூடி வச்சிருந்தேனே, பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டார். மேனேஜர் காலில் போட்டிருந்த சப்பாத்தில் சேறு படும் என்று மேலேயே நின்றுவிட்டார். அன்றைக்கு உன் மேல் எனக்கு வந்த கோபத்தில், நீ எதிரே நின்றிருந்தால் அறைந்திருப்பேன். அதைப் பார்க்க நீதானே இருந்திருக்க வேண்டும்!

மிஷின் நின்றது. போகவில்லை, நின்றிருக்கிறது. வேறு ஆட்கள் வந்து மறுபடி ஆராய்வார்களாம். என்னைக் கடையிலிருந்து எடுத்து ஃபாக்டரியில் பொட்டலம் கட்டப் போட்டுவிட்டார்கள். போகட்டும், அது என் பாடு. வெட்டையாவது மூடச் சொல்லி லெட்சுமி அக்காவும் நானும் ஆபீஸுக்குப் போனோம். சுவரடியில் இருக்கும் சந்து பற்றியும் சொன்னோம். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "இத்தன வருசமா ஒண்ணும் ஆகலையே? ஏதாச்சும் ஆனா பாத்துக்கலாம்" என்றார்.

ஆனா பாத்துக்கலாமாம். என்ன ஆக வேண்டும் அவருக்கு? யாருக்கு ஆக வேண்டும்? அக்காவின் மகள் பிள்ளை பெற்றுத் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அந்த வீட்டில் இடம் ஏது? சமையலறைச் சுவரை ஒட்டித்தான் தொட்டில் கட்டியிருக்கிறார்கள்.

சுவரை மண்தான் நிற்க வைக்கிறது என்றாயே, அது சரி என்று எனக்குத் தெரியும். உனக்காக மேனேஜரோடு சண்டை போட்டேன், ஆராய வருகிறவர்களோடும் போடுவேன், விடமாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நீ சொன்னது சரி என்று இவர்கள் ஒப்புக்கொள்ள அந்த மலை இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், எனக்கு அது வேண்டாம். இதோ மறுபடி இருட்டிக்கொண்டு மழை வருகிறது. மழை வந்தாலே முனியாண்டியிடம் நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்: அவள் சொன்னது பொய்யாகப் போகட்டும், அந்தப் பிள்ளை தூங்கட்டும்.