கம்பி மறையும் தூரம்

சாந்தன்பாறை
1 செப்டம்பர் 2024

செல்வப்பிரியா,

நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன முறை நீ எடுத்த படங்களில் பாதியை அழித்துவிட்டேன். கோபப்படாதே. எல்லாவற்றிலும் குறுக்கே கறுப்பாகக் கோடு. கொக்கு நிற்கிறது, கோடு. மோட்டார் ரூம் மேலே மயில், அதன் கழுத்திலேயே கோடு. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்றே எடுக்கிறாய். நல்லேப்பிள்ளியில் உன் வீட்டைச் சுற்றி அத்தனை வயல் கிடக்கிறது, நாலடி வெளியே நடக்க என்ன சோம்பல்? போதாததற்கு வைக்கோல் தூசி வேறு சென்சாரில் ஒட்டி, வானத்தில் புள்ளி புள்ளியாக விழுகிறது. துடைத்துத்தான் அனுப்பியிருக்கிறேன்.

வெளியே போக முடியாதென்றால் ஒரு வழி இருக்கிறது. லென்ஸைக் கம்பியோடு ஒட்டி வை. ஜூமை முழுக்க நீட்டு. அப்பர்ச்சரை முழுக்கத் திற. ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டுத் தூரத்தில் ஃபோகஸ் செய். கம்பி கரைந்துபோகும்.

என் படங்களையும் பார். தலையோடு முதுகையும் மூடுகிற பிளாஸ்டிக் கொங்காணி போட்டுக்கொண்டு அக்காமார் மழையில் ஏலக்காய் எடுக்கிறார்கள், எதற்கோ எல்லோரும் ஒரே நேரத்தில் சிரிக்கிறார்கள்.  நான் வேலை செய்கிற ஏலக்காய் ஸ்டோரின் கூரையில் மலையணில் ஒன்று. அதன் வால் மட்டும் ஃபோகஸ் இல்லை, தெரியும், சொல்லாதே.

பாலிடெக்னிக் முடித்து ஒரே கேமராவைச் சேர்ந்து வாங்கியபோது, ஒரு மாதம் உனக்கு, ஒரு மாதம் எனக்கு, கடிதம் இல்லாமல் பார்சல் போகக்கூடாது என்று சட்டம் போட்டவள் நீ. ஸ்டோரில் போனுக்கு ரேஞ்சும் கிடையாது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ரிஜின்


சாந்தன்பாறை
12 அக்டோபர் 2024

செல்வப்பிரியா,

கேமரா எங்கே? உன் மாதம் முடிந்துவிட்டது. ஸ்டோருக்குக் கீழே தடுப்பணையில் காட்டுப்போத்து, அதுதான் காட்டெருமை, கன்றோடு தண்ணீர் குடிக்க வருகிறது. நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

எலக்ட்ரிகல் டிப்ளமா படித்துவிட்டு, ஏலக்காய் உலர்த்துகிற அடுப்புக்கு விறகு தள்ளுகிறேன். சூடு ஏறினால் காயின் பச்சை போய்விடும், இறங்கினால் பூசணம். நகர முடியாது. எனக்கு இருந்தது அந்தக் கேமரா ஒன்றுதான். கல்யாணம் கில்யாணம் என்றால் சொல்லித் தொலை. கேமராவை மட்டும் அனுப்பு.

ரிஜின்


நல்லேப்பிள்ளி
19 அக்டோபர் 2024

அன்புள்ள ரிஜின்,

கல்யாணமும் இல்லை, கில்யாணமும் இல்லை. அப்பாவுக்குக் கொஞ்சம் முடியவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். கொஞ்சம் இல்லை. டிராக்டரிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்தது அதற்குத்தான். ஒரு நாள் நான் பால் வாங்கப் போன நேரத்தில் கட்டிலிலிருந்து சரிந்து கீழே கிடந்திருக்கிறார். கத்திக் கத்திக் குரலே போய்விட்டது. அன்றிலிருந்து என்னை அறையை விட்டு விடுவதில்லை. அடுக்களைக்குப் போனால்கூட "அம்மிணி, எங்க போயிட்ட?" என்று குரல் வரும். பெரியப்பா மகன் கோகுல்நாத் அண்ணன்தான் சாமான் வாங்கித் தருவது, பார்சல் போடுவது எல்லாம். அண்ணனைத் துணைக்கு வைத்துவிட்டு நான் வெளியே போகவும் அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார்.

நீ சொன்னபடியே லென்ஸைக் கம்பியில் ஒட்டி எடுத்தேன். நெல் அறுத்த வயலில் கொக்குகள். கம்பியே இல்லை! சந்தோஷத்தில் அப்பாவிடம் காட்டினேன். தினமும் சாயங்காலம் காட்டுவது வழக்கம்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு, "கம்பியக் காணமே கண்ணு. நாந் தூங்கறப்ப என்னைய உட்டுப்போட்டு வெளிய போனயா?" என்றார்.

"இல்லீங்கப்பா, இங்கயேதானுங்க நின்னேன்."

"இந்தச் சன்னல நான் மூணு வருசமாப் பாக்கறேன். கம்பி எங்க போச்சு?"

அன்று சோறு உண்ணவில்லை. கேமராவை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் என்ன சொன்னாலும் நம்பவில்லை. இப்போது பகலில் தூங்குவதையும் நிறுத்திவிட்டார்.

நாலடி நடக்க என்ன சோம்பல் என்று கேட்டிருந்தாய். இதுதான்.

செல்வப்பிரியா


சாந்தன்பாறை
28 அக்டோபர் 2024

செல்வப்பிரியா,

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? உன்னைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டே இருந்திருப்பேன். கீழே எழுதியிருப்பதை அப்பாவுக்கு அப்படியே படித்துக் காட்டு. இனிப்புத் தடவாதே.

மதிப்பிற்குரிய ஆறுச்சாமி ஐயா அவர்களுக்கு,

உங்கள் மகள் வெளியே போகவில்லை. போயிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் கண்ணுக்கு முன்னால், இமை மயிர் படுகிற அளவுக்குக் கிட்டே, ஒரு விரலை வையுங்கள். தூரத்துத் தென்னையைப் பாருங்கள். விரல் புகைபோலக் கரைந்து தென்னை தெரியும். லென்ஸும் அப்படித்தான். நம்பிக்கை வரவில்லை என்றால் கேமராவைத் தலையணைக்கு அடியில் வைக்காமல் நீங்களே எடுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கை நன்றாகத்தான் இருக்கிறதாம்.

இப்படிக்கு, ரிஜின்


நல்லேப்பிள்ளி
14 நவம்பர் 2024

அன்புள்ள ரிஜின்,

படித்துக் காட்டினேன். "ஆரு இவன்? எஸ்டேட்டுக்காரனுக்கு வாயி ரொம்ப நீளமா இருக்குது" என்றார். படித்து முடிக்குமுன் ஒரு கண் மூடிவிட்டது. விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு, "கட்டிலச் சன்னலோரமாத் தள்ளு" என்றார்.

இரண்டு நாள் தென்னையையே எடுத்தார். மூன்றாம் நாள் அலுத்துவிட்டது. "ஆளு இல்லாம என்ன போட்டோ? நீ போயிக் களத்துல நில்லு கண்ணு."

எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்று நின்றுவிட்டேன். "போறயா, இல்லயா?" என்று அதட்டினார்.

போனேன். செருப்புப் போடவும் மறந்து களத்தில் நின்றேன். சிமெண்ட் சுட்டது. வேலியோரத்து வேம்பை எப்போதோ வெட்டியிருக்கிறார்கள், எனக்குத் தெரியவே இல்லை. "நவுராத! இன்னொருக்கா!" என்று உள்ளேயிருந்து சத்தம். பிறகு உடனே திரும்பக் கூப்பிட்டுவிட்டார்.

இருக்கிற இரண்டு மெமரி கார்டில் ஒன்றை மட்டும் கழற்றி அனுப்புகிறேன். கேமராவைத் தரமாட்டேன் என்கிறார். உன் காட்டுப்போத்துக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

செல்வப்பிரியா


சாந்தன்பாறை
25 நவம்பர் 2024

செல்வப்பிரியா,

பார்த்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுத்தான். படம் சாய்ந்திருக்கிறது. கம்பி பளிச்சென்று இருக்கிறது, நீ மங்கலாக இருக்கிறாய். நான் அழிக்கவில்லை.

கேமரா அங்கேயே இருக்கட்டும். அம்மா ரிட்டயர் ஆகிவிட்டாள். எங்கள் வீட்டிலிருந்து ஒருவராவது எஸ்டேட் வேலையில் இருந்தால்தான் இந்த லயத்து வீடு எங்களுக்கு. ஆகவே நான் எங்கேயும் போகப்போவதில்லை. காட்டுப்போத்தும் எங்கேயும் போகாது. "இப்பமாவது அந்தப் பொட்டிய விட்டுட்டு மனுச மூஞ்சியப் பாருல" என்று அம்மா குஷியாக இருக்கிறாள்.

அப்பாவிடம் இதைக் கொடு.

ஐயா, நிற்கிற ஆளை எடுக்க எல்லோருக்கும் வரும். போகிற ஆளை எடுக்கப் பழகுங்கள். களத்தில் சரியாக வந்ததும் கிணற்றடித் தென்னைக்கு அனுப்புங்கள். பிறகு வாய்க்கால் பாலம். கடைசியில் ரோட்டு பஸ் ஸ்டாப். ஆள் கேமராவைப் பார்க்கவே கூடாது, முதுகு மட்டும் தெரிய வேண்டும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், படம் கெட்டுவிடும், ஆகவே கூப்பிடாதீர்கள். கை ஆடாமலிருக்க முதுகுக்குத் தலையணை பிடிக்க ஓர் ஆள் வேண்டும். கோகுல்நாத்தைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஒவ்வொரு படத்தையும் நான் பார்ப்பேன். நன்றாக இல்லாவிட்டால் நன்றாக இல்லை என்றுதான் எழுதுவேன்.

ரிஜின்


சித்தூர்
9 ஜனவரி 2025

அன்புள்ள ரிஜின்,

மேலே ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதவில்லை. எங்கள் பக்கத்துச் சித்தூர் போஸ்டாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தென்னைக்கு அப்பா நிறைய நாள் எடுத்துக்கொண்டார். பாதியில் குரல் கொடுத்துவிடுவார், நான் திரும்பிவிடுவேன். "செரி, கெட்டுப்போச்சு, வா" என்பார். பாலத்தின்போது அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாராம், ஆனால் கூப்பிடவில்லை. நேற்று பஸ் ஸ்டாப் வரை போய் நின்றேன். இன்று காலையில், "பஸ் ஸ்டாப்புல சும்மா நின்னா எப்படி? பஸ்ஸுல ஏறோணும், அப்பத்தான் போற ஆளு" என்றார். ஏறினேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சித்தூர் வந்துவிட்டது. இருட்டுவதற்குள் போக வேண்டும், அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குள் ஒரு காபி குடிக்கப்போகிறேன்.

நீ என்ன செய்தாய் என்பது தென்னையடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவுக்கும் புரிந்திருக்கும். 

நீயும் அங்கே நகர முடியாமல்தானே இருக்கிறாய், உனக்கு இப்படி யார் எழுதுவது? அடுப்பருகே ஜன்னல் இருக்கிறதா? அதில் என்ன தெரிகிறது? கேமரா இல்லாமலே எழுது.

இதோடு வருகிற கார்டு நேற்று கழற்றியது. அதில் கடைசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார். கம்பி எங்கேயும் இல்லை. வயல், வாய்க்கால், பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளி தெரியும். சென்சார் தூசி என்று அழித்துவிடாதே. அது நான்.

செல்வப்பிரியா