விதைக்கு விட்ட குடைமிளகாய்

காலையில் மருமகள் அடுப்படியில் குடைமிளகாய் அரிந்தாள். அந்தப் பச்சை வாசனை கூடம் வரைக்கும் வந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய் நின்றேன். உன் பாத்தி வெறுமனேதான் கிடக்கிறது.

நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டில் உனக்கு மட்டும் ஏன் இந்த ஆசை வந்ததோ. முதலில் கடையில் வாங்கிய பச்சைக் காயின் விதையைப் போட்டாய். ஒன்றுகூட முளைக்கவில்லை. காரமில்லாத மிளகாய்க்கு ரோஷம் எங்கேயிருந்து வரும் என்று மடுகரை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். நீ சளைக்கவில்லை. அடுத்த முறை நன்றாகச் சிவந்த பழமாக வாங்கிவந்து, விதையை நிழலில் உலர்த்திக் கொட்டாங்கச்சியில் தூவினாய். முளைத்தது. அப்புறம் எனக்குக் காபி வருவதற்கு முன்னால் அதற்குத் தண்ணீர் போனது.

காய்த்ததும் வதக்கி வைத்தாய். "ஒரு வாய் துன்னுதான் பாருங்களேன்" என்பாய். நான் இலை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவேன்.

கடைசியாக நின்ற பெரிய காயை விதைக்கென்று விட்டாய். யாரும் பறித்துவிடாமலிருக்க, பழைய புடவைக் கரையைக் கிழித்துக் காம்பில் கட்டினாய். அது பழுப்பதற்குள் நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய்.

துக்க வீட்டில் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? காரியத்துக்கு முதல் நாள்தான் பார்த்தேன். செடி காய்ந்து தலை சாய்ந்திருந்தது. பழம் மட்டும் சிவந்திருந்தது. உன் கை வைத்த செடி அதோடு விட்டுப்போகக் கூடாது, காரியம் முடிந்ததும் விதை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது வேறு எதிலும் மனம் போகவில்லை.

மறுநாள் கூட்டம் கலைந்த பிறகு போனால், பழத்தைக் காணோம். கரையாம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் தங்கையைக் கேட்டேன். அந்தப் புடவைத் துணியைத் திருஷ்டிக்குக் கட்டியது என்று நினைத்துவிட்டாளாம்.

"செடிதான் செத்துப்போச்சேண்ணா. நீ ஒண்ணும் துன்னாம கெடக்கறியேன்னு உனக்கு மட்டும் வதக்கிப் போட்டேன்."

விதையைக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டாளாம். அழுது வீங்கிய முகத்தோடு நின்றவளை நான் என்ன சொல்வது? குப்பைமேட்டைக் கிளறிப் பார்த்தேன். கோழிகள் எனக்கு முன்னாலேயே கிளறியிருந்தன.

அன்று மதியம் என்ன காய் என்றுகூடப் பார்க்காமல், பல நாள் கழித்து இலையை வழித்துச் சாப்பிட்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் இருக்கா என்று கேட்டேன். அந்த ருசி இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை.

நன்றாயிருந்ததடி. அதைச் சொல்லத்தான் நீ இல்லை.