தேய்த்தும் போகாத ஈயம்

பிப்ரவரி 6

இன்றும் சாப்பாட்டு மேசையில் துப்பாக்கிதான். எங்கள் சாப்பாடு அடுப்படியில் நின்றபடியே முடிந்தது.

ஏப்ரலில் இவருக்குத் துப்பாக்கி சுடும் அணிக்கான தேர்வுப் போட்டி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே காத்திருக்கும் போட்டி. இந்த நேரம் பார்த்து பிஸ்டல் முரண்டு பிடிக்கிறது. கிளப்பில் சுட்டுக் கொண்டுவந்த இலக்கு அட்டையைக் காட்டினார். வட்டமாக விழ வேண்டிய துளைகள் சாவித்துவாரம் மாதிரி நீண்டிருந்தன.

"குண்டு குறுக்கால திரும்பிப் போகுது, பாரு. பேரல் அடைச்சுக்கிச்சு. நல்லாத் தேய்க்கணும்."

தேய்ப்பது இவர் வேலை. குழலைத் துடைக்கத் துணி வெட்டுவது என் வேலை. எங்கள் மகள் சுண்டெலிக்குச் சிறுத்துப்போன பனியன்களைக் கட்டைவிரல் அகலத்துக்குச் சதுரம் சதுரமாக வெட்டிக் கொடுக்கிறேன். பழகிய பருத்தி, நூல் பிரியாது. "கடைத்துணியெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது"ன்னு பாராட்டு வேறு. கல்யாணமான புதிதில் என் சமையலுக்குக்கூட இவ்வளவு வாய் வரவில்லை.

பாதுகாப்பில் மட்டும் இவரைக் குறை சொல்ல முடியாது. பிஸ்டல் ஒரு பெட்டியில், தோட்டா வேறு அறையில் வேறு பெட்டியில், சாவி கழுத்துச் சங்கிலியில். கழற்றும் முன் உள்ளே காலிதானா என்று தானும் பார்ப்பார், என்னையும் பார்க்கச் சொல்வார். இதை நானே சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 9

சுண்டெலி போன மாதம் "பா" என்று பாலைக் காட்டிச் சொன்னாள். இப்போது சொல்வதில்லை. விரலை மட்டும் நீட்டுகிறாள். ஒன்றரை வயது ஆகப்போகிறதே?

பிப்ரவரி 14

பாத்திரம் தேய்க்கும் செப்புக் கம்பிச் சுருளைக் காணோம் என்று அடுப்படியைத் தலைகீழாகப் புரட்டினேன். திருடன் மேசையில் உட்கார்ந்திருந்தான். சுருளைப் பிரித்து, இழை இழையாகப் பித்தளை பிரஷ்ஷில் சுற்றி, குழலுக்குள் விட்டுத் தம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"அது என் பாத்திரத்துக்கு!"

"உன் பாத்திரம் தேர்வுக்குப் போகுதா?"

ஒவ்வொரு இழுப்புக்கும் குழல் வாயிலிருந்து மீன் செதில் மாதிரி வெள்ளி மினுமினுப்பு உதிர்ந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவர் ஊற்றும் எண்ணெய் மருந்து வாழைப்பழ வாசனை அடிக்கும். அந்த மணத்துக்குச் சுண்டெலி நாற்காலிக் காலைப் பிடித்து நின்று மேசையை எட்டிப் பார்ப்பாள். துப்பாக்கியில் கை வைக்க விட மாட்டோம். அதில் கறார். மற்றபடி மேசைக்குக் கீழே அவள் ராஜ்ஜியம்தான்.

முடிந்ததும் விளக்குமாற்றால் பெருக்கினேன். துணித் துண்டுகள் தீர்ந்துவிட்டன. அழுக்கானதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. சோப்பில் ஊறவைத்து, சுண்டெலியின் சட்டைகளோடு சேர்த்தே அலசிக் கொடியில் போட்டேன். சாம்பல் கறை போகவில்லை. போகட்டும், துப்பாக்கிக்கு என்ன கல்யாணமா?

பிப்ரவரி 20

இரண்டு நாளாக வயிறு கெட்டியாக இருக்கிறது அவளுக்கு. முக்கி முக்கி அழுகிறாள். சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறாள். குழந்தை டாக்டரம்மா கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, "வெளுத்திருக்காளே" என்றார். ரத்தம் எடுத்தார்கள். அந்தச் சின்னக் கையில் நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்தினார்கள். அவளைப் பிடித்துக்கொண்டது நான். என்னைப் பார்த்துத்தான் அழுதாள்.

பிப்ரவரி 24

ரத்தத்தில் ஈயம்.

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல என்று எத்தனை தடவை விளையாட்டாகச் சொல்லியிருப்பேன்.

டாக்டரம்மா கேட்டார்: "வீட்டுல பெயிண்ட் உரியுதா? யாராவது பேட்டரி வேலை, உலோகம் உருக்குற வேலை பாக்குறாங்களா?"

"இல்லைங்க. இவர் ஆபீஸ்ல கணக்குப் பாக்குறார். நான் வீட்டுலதான்."

"தேடிப் பாருங்கம்மா. எங்கிருந்தாவது வந்துதானே ஆகணும்."

மருந்து? இந்த அளவுக்கு மருந்து கிடையாதாம். எங்கிருந்து வருகிறதோ அதை நிறுத்தணும், இரும்புச்சத்தும் பாலும் முட்டையும் கொடுக்கணும், காத்திருக்கணும். அவ்வளவுதான். பேச்சு நின்றதற்கும் இதுதான் காரணமா என்று கேட்டேன். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்." இந்த பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து சுவரையெல்லாம் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வண்ணம் பூசிய பொம்மைகள் அத்தனையையும் மூட்டை கட்டி வெளியே போட்டேன். மஞ்சள் வாத்துக்காக ஏங்கி ஏங்கி அழுதாள். கொடுக்கவில்லை.

பிப்ரவரி 27

இவர் மேசையில் தேய்த்துக்கொண்டே கிளப் நண்பரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். சந்தோஷமான குரல்.

"செப்புக் கம்பி போட்டதும் ஈயம் உரிஞ்சு உரிஞ்சு வருதுடா! தகடு தகடா!"

நான் கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றேன். சுண்டெலி மேசைக்கடியில் இருந்தாள். விரல் வாயில்.

தோட்டா ஈயத்தில் செய்வது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பட்டம் வாங்கியவள்தானே. ஆனால் தெரிந்தது ஒரு பக்கம், தோன்றியது இன்னொரு பக்கம். துப்பாக்கி என்றால் வெடிக்கும், சுடும் — அந்தப் பயம் ஒன்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும். அதற்குப் பூட்டு மேல் பூட்டு. துடைத்துப் போட்ட துணிக்கு யார் பயப்படுவார்கள்?

அந்தத் துணியை அவள் சட்டையோடு ஊறவச்சது யாரு? நான். காய்ஞ்ச தரையை விளக்குமாறால பெருக்கி வீடு முழுக்கத் தூவி விட்டது யாரு? நான்தானே. மஞ்சள் வாத்து என்ன பாவம் பண்ணுச்சு?

"போனை வைங்க"ன்னேன். குரல் எப்படி வந்ததோ, உடனே வைத்துவிட்டார். சொன்னேன். முதலில் சிரித்தார்.

"ஏய், நான் தினமும் இதைத் தொடுறேன். எனக்கு என்ன ஆச்சு?"

"உங்க எடை என்ன, அவ எடை என்ன?"

கழுத்துச் சங்கிலியில் இருந்த சாவியைத் திருகித் திருகி, "நான் இத்தனை பூட்டு போட்டேனே" என்று மட்டும் சொன்னார். யாரிடம் சொன்னாரோ.

மார்ச் 2

பிஸ்டல், எண்ணெய், பிரஷ் எல்லாம் கிளப்புக்குப் போய்விட்டன. மேசையையும் வெளியே போட்டோம். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

நான் துடைக்கிறேன். சோப்புத் தண்ணீர், ஈரத்துணி, மறுபடி சோப்புத் தண்ணீர். ஜன்னல் விளிம்பு, கதவுக்கு அடி, கட்டில் கால். துடைத்த இடத்தையே துடைக்கிறேன். கண்ணுக்குத் தெரியாததைத் துடைத்தாயிற்று என்று எதை வைத்துச் சொல்வது?

மார்ச் 8

மாமியார் போனில்: "நாங்க ஈயம் பூசின பாத்திரத்துல சமைச்சுத்தான் இவனை ஆளாக்கினோம். நீ ஒருத்தி, ஊர்ல இல்லாத வியாதியெல்லாம் படிச்சு வச்சிருக்க."

பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், இது காரீயம் என்று விளக்க வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். வைக்கும் முன் அவரே கேட்டார்: "புள்ள சாப்பிடுறாளா?" குரல் உடைந்திருந்தது.

மார்ச் 11

முட்டை சாப்பிட்டாள். பாதி. மீதி என் தோளில்.

மார்ச் 26

இரண்டாவது பரிசோதனை. குறையவில்லை. ஒரு புள்ளி கூடியிருக்கிறது.

எப்படி? எப்படிங்க கூடும்? துடைச்சுத் துடைச்சு என் கைத்தோலே உரிஞ்சு போச்சே!

துப்பாக்கிக் கதை முழுவதையும் சொன்னேன். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "அப்பா சுட்டுட்டு வீட்டுக்கு வந்ததும் முதல்ல என்ன பண்ணுவார்?"

என்ன பண்ணுவார்? கதவு சத்தம் கேட்டதும் இவள் ஓடுவாள். கையை மேலே தூக்குவாள். அவர் அப்படியே அள்ளித் தோளில் போட்டுக்கொள்வார். அவள் அவர் சட்டைக் காலரைச் சப்புவாள். பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

"சட்டை, தலைமுடி, செருப்பு, எல்லாத்துலயும் புகையும் தூசியுமா ஒட்டிக்கிட்டு வரும்மா. வந்ததும் குளிச்சுட்டு, துணி மாத்திட்டு, அப்புறம் தொடச் சொல்லுங்க."

திரும்பும் வழியில் பஸ்ஸில் இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு மெல்ல, "ஏப்ரல் வரைக்கும் மட்டும்... அப்புறம் யோசிக்கலாம்மா" என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் என்னிடம் வேறு எதையும் கேட்டதில்லை. மடியில் இவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் பேச அந்த பஸ்ஸில் என்னை விட்டால் யார் இருந்தார்கள்? நானும் பேசவில்லை.

மார்ச் 28

புது ஏற்பாடு. செருப்பு வாசலுக்கு வெளியே. அவர் உள்ளே வந்து கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து குளியலறைக்குப் போக வேண்டும். நான் சுண்டெலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிடித்துக்கொண்டேன். வளைந்து துள்ளினாள், என் கன்னத்தில் பிராண்டினாள். குளியலறைக் கதவைத் தட்டித் தட்டி அழுதாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே இவர், "அப்பா குளிச்சுட்டு வரேன்டா, குளிச்சுட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 5

கிளப்பில் துப்பாக்கி பழுது பார்ப்பவர் குழலுக்குள் விளக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஈயத்துக்கு அடியில் இரும்பே துருப்பிடித்துக் குழி குழியாக இருக்கிறதாம். ஒரு பெட்டி தோட்டா தீர்வதற்குள் அந்தச் சொரசொரப்பில் மறுபடி ஈயம் ஏறிவிடுமாம். எத்தனை தேய்த்தாலும் அப்படித்தான்.

"அப்போ இத்தனை நாள் தேய்ச்சது?"

"வீண்தான்" என்றார் இவர். சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

கத்தணும்னு இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? தட்டில் இன்னும் கொஞ்சம் சாப்பாடு வைத்தேன்.

ஏப்ரல் 19

இரவல் பிஸ்டலில் சுட்டார். தேர்வாகவில்லை. மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில் பெயர் இருக்கிறது — அதாவது பயிற்சியை விட முடியாது, போட்டிக்கும் போக முடியாது. மதில்மேல் பூனை.

"விட்டுடவா?" என்று என்னைக் கேட்கிறார். கேள்வியை என் தலையில் கட்டிவிட்டு முகத்தையே பார்க்கிறார். விடுங்கள் என்றால் வாழ்நாள் முழுக்க நான் பிடுங்கியதாகும். விட வேண்டாம் என்றால்...

"நீங்களே சொல்லுங்க" என்றேன்.

மே 4

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகிறார். சுவரோர நடை தொடர்கிறது. சுண்டெலி இப்போது அழுவதில்லை. அழாதது நல்லதா என்று தெரியவில்லை.

மே 30

மூன்றாவது பரிசோதனை. குறைந்திருக்கிறது. இருக்க வேண்டிய அளவுக்கு இன்னும் எவ்வளவோ இறங்கணும், ஆனால் குறைந்திருக்கிறது. காகிதத்தை இவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்பது போல.

"ஏற்கெனவே உள்ளே போனது?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். மூளைக்குள் என்ன செய்ததோ, அது.

"வளர வளரத்தாம்மா தெரியும். பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க."

கொடுக்கிறேன். நாளெல்லாம் பேசுகிறேன். அடுப்போடு, வாளியோடு, அவளோடு. என் குரல் எனக்கே அலுத்துவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

கதவு சத்தம். நான் அடுப்படியில் இருந்தேன், பால் பொங்கும் நேரம்; ஓடிவந்து பிடிக்கத் தாமதமாகிவிட்டது. இவர் வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார். எதிரே, இரண்டடி தள்ளி, சுண்டெலி. ஓடவில்லை. கையைத் தூக்கவில்லை. அவளும் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு கையை எடுத்துக் குளியலறைப் பக்கம் நீட்டி, தெளிவாக, "குளி" என்றாள்.

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"குளி," என்றாள் மறுபடி, கொஞ்சம் அதட்டலாக.

"இதோ, இதோ போறேன்டா" என்று சுவரை ஒட்டி நடந்தார். தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. குளிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

அப்பா என்று இன்னும் சொல்லவில்லை.